ஆணி அடித்த பெட்டி

2009 மார்ச் 14, சனி

இன்று மகள் றுஸ்தாவிடம் வீடியோ கேமில் பதினொரு ஆட்டம் தோற்றேன். வென்றிருக்க வேண்டிய இரண்டையும் இடது பெருவிரல் கெடுத்தது. கேம்பேடில் அம்புக்குறியைக் கீழிருந்து முன்னுக்கு வழித்தால்தான் என் ஆள் தீப்பந்தை எறிவான். என் விரல் பாதி வழியில் பூட்டிக்கொள்கிறது. அவன் சும்மா குனிந்து எழும்புகிறான்.

"வாப்பா, உங்கட ஆள் என்னத்தயோ துலைச்சிட்டுத் தேடுறான் போல."

விரலைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சுனாமி அன்று அவளை வலக்கையில் இறுக்கிக்கொண்டு, இடக்கையை யன்னல் கம்பியில் கொடுத்து நின்றேன். தண்ணீரோடு வந்த அலுமாரி அந்தக் கையில்தான் மோதியது. அப்போது அவளுக்குப் பத்து வயது. இப்போதும் பாடசாலை, வீடு, வேறெங்கும் போவதில்லை. கதையும் குறைவு. டோஹாவிலிருந்து என் தம்பி அனுப்பிய பிளேஸ்டேசன் முன் உட்கார்ந்தால் மட்டும் வாய் திறக்கிறாள்.

விரல் முற்றாகப் பூட்டிக்கொண்டால்? இதை இங்கே நிறுத்துகிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

பாடசாலைக் கணினி அறையில் ஒரு படம் அச்செடுத்து வந்தாள். ஆர்கேட் ஸ்டிக். பெரிய தட்டத்தின் அகலத்தில் ஒரு பெட்டி. இடப்பக்கம் பந்துத் தலை வைத்த பிடி, வலப்பக்கம் எட்டுப் பொத்தான். பெருவிரலுக்கு வேலையில்லை. மணிக்கட்டால் ஆட்டுவது.

யோசித்துப் பார்த்தேன். பேட் மடியில் கிடக்கும், சத்தம் போடாது, கை பழகியது. விரல் நகரும் தூரம் ஒரு நெல்மணி அளவு, அதனால் வேகம். ஸ்டிக் பாரம். மேசை வேண்டும். பிடி அசையும் தூரம் அதிகம், பழக மாதங்கள் பிடிக்கும். ஆனால் பொத்தான்களுக்கு எல்லா விரல்களும் கிடைக்கும். நல்ல விரல் உள்ளவன் இரண்டையும் வைத்து யோசிக்கலாம். எனக்குத் தெரிவு எங்கே?

இங்கே விற்பதில்லை. கட்டித் தரக்கூடியவன் ஒருவன்தான். அவன் முகத்தில் விழிக்கக் கூடாதென்று பத்தொன்பது வருடமாக இருக்கிறேன்.

மார்ச் 21, சனி

போனேன். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் ரேடியோ திருத்தும் அழகரெத்தினம். உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். தொண்ணூறில் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் என் வாப்பாவின் கடை எரிந்தது. அவன் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வீட்டுக்குக் கால்மைல் தூரம். பாடசாலை அதிபர் பதவி என்னைத் தாண்டிப் போனதையும் இதையும் நான் மறப்பதாக இல்லை.

"வாங்க சேர். இவ்வளவு காலத்துக்குப் பிறகு, விளையாட்டுச் சாமானுக்கா?"

"ஏலுமா ஏலாதா, அதச் சொல்லு."

"ஏலும். ஆனா ஒரு பேட அறுத்து, அதுட பலகையில வயர் பிடிக்கணும். பிறகு அது பேட் இல்ல. யோசிச்சுத் தாங்க."

எங்களிடம் இருப்பது இரண்டு. ஒன்றைக் கொடுத்தேன். அடிப்பலகைக்கு நாலு இஸ்குரூ போடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். கடற்கரை ஊர், உப்புக்காற்று ஏறினால் ஈயம் பிடித்த இடமெல்லாம் பச்சை பூக்கும். சுற்றிவரப் பசை பூசி ஆணி அடித்து மூடச் சொன்னேன்.

"பிறகு திறக்க வேணுமெண்டா?"

"நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். சொன்னதைச் செய்."

சிரித்தான். "ஓம் சேர்."

ஏப்ரல் 16, வியாழன்

வருசப்பிறப்பு முடிந்து வேலையையும் முடித்துவிட்டானாம். அழகரெத்தினம் போன் எடுத்துச் சொன்னான்.

"சேர், இது வயர் உள்ள பெட்டி. சோதனைச் சாவடியில எங்கட தமிழ்ப் பேரக் கேட்டாலே ஒரு மாதிரிப் பாக்கிறாங்க. நீங்க வந்து எடுத்தா நல்லம்."

வரப் பஞ்சி, சோம்பல்; அதற்குச் சொல்லும் சாட்டு. ஒருதரம் நான் போனதே அதிகம். சனி பத்து மணிக்கு நீயே கொண்டு வா என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

பத்து, பதினொன்று, பகல் ளுஹர் தொழுகை. வரவில்லை. அவன் அன்றும் வராதவன்தானே.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலை அவன் மனைவி பூமணி வாசல் படலையில் நின்றாள். காலில் செருப்பில்லை. நேற்றுப் பெட்டியை உரப்பையில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். சாவடியில் நிறுத்தி, திறந்து காட்டு என்றார்களாம். திறக்க முடியவில்லை. ஏன் ஆணி அடித்தாய்? உள்ளே என்ன வயர்? விளையாடும் சாமான் என்றானாம், நாற்பத்தேழு வயது மனிதன். பிடித்து வைத்துவிட்டார்கள்.

"நீங்க வந்து உங்கட சாமான் எண்டு சொன்னாப் போதும் சேர். இப்பவே வாங்க."

"நீ போ. ளுஹருக்குப் பிறகு வாறன்."

நான் போகவில்லை.

சேர்ட்டைப் போட்டேன், கழற்றினேன். என் மனைவி ஜுனைதாவின் தம்பி அதாவுல்லா வந்து நின்றான். "உங்கட பேர் அந்தச் சாவடிப் பதிவுக் கொப்பியில ஏறினா அழியாது மச்சான். வன்னியில ஆமிக்கும் புலிக்கும் கடைசி அடி நடக்குது. இப்பவா போய் நிக்கப் போறீங்க?" வாழ்க்கையில் முதல்தரம் அவன் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது.

பின்னேரத் தொழுகை அஸர் முடிந்தது. மஃரிப் முடிந்தது. ரோட்டில் வான் வண்டிச் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். அவன் என் பெயரைச் சொல்லியிருப்பானா? சொல்லியிருந்தால் இதற்குள் வந்திருப்பார்கள். அப்படியென்றால் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தொண்ணூறில் அவனும் இப்படித்தான் சேர்ட்டைப் போட்டுக் கழற்றியிருப்பானோ —

இல்லை. அதை இப்போது எழுத மாட்டேன்.

றுஸ்தா விளையாட வரவில்லை. மிஞ்சியிருந்த பேடின் வயரைச் சுற்றி என் முன்னால் வைத்தாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். கதவடியில் நின்று சொன்னாள்:

"அவரும் கம்பியப் பிடிச்சிட்டுத்தான் நிப்பார் வாப்பா."

ஏப்ரல் 20, திங்கள்

சாவடிக்குப் போனேன். பிளேஸ்டேசனும் பேடும் கண்ணுக்குத் தெரியும்படி கையில். ஜுனைதா ஓதி ஊதி அனுப்பினாள்.

மேசையில் பெட்டி கிடந்தது. அடிப்பலகையை அலவாங்குக் கம்பியால் பிளந்திருந்தார்கள்.

"மாஸ்டர், இது யார்ட?" சார்ஜன்ட் தமிழில் கேட்டார்.

"என்னுடையது." இந்த ஒரு சொல்லுக்குத்தான் இரண்டு நாள்.

அங்கே ஒரு டீவியில் யுத்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதில் மாட்டிக் காட்டு என்றார். பிளக்கை ஒரு சிப்பாய் வாங்கி மாட்டினான். மூட்டைகளோடு நடந்துவந்த சனங்கள் திரையிலிருந்து மறைந்தார்கள், என் ஆள் வந்து நின்றான். பந்துத் தலையைப் பிடித்து, கீழிருந்து முன்னுக்கு மணிக்கட்டைச் சுழற்றினேன். தீப்பந்து பறந்தது. முதல் தரத்திலேயே. பிளந்து கிடந்த பெட்டியிலும் அவன் பிடித்த ஈயம் ஒன்றுகூட விடவில்லை.

சார்ஜன்ட் பேடை எடுத்தார். வெல்வதா, தோற்பதா? தோற்றேன். சிப்பாய்கள் கைதட்டினார்கள்.

"அப்ப ஆள விடலாம்தானே?"

"ஆள் இங்க இல்ல, மாஸ்டர். நேத்துப் பின்னேரம் மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. நேத்துக் காலையில வந்தா இங்கயே முடிஞ்சிருக்கும்."

கொப்பியில் என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக்கொண்டு பெட்டியைத் தந்தார்கள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பூமணியிடம் சொல்லப் போனேன். கேட்டுக்கொண்டு நின்றாள்.

"உங்கட ளுஹர் இப்பத்தான் முடிஞ்சுதா சேர்?"

மே 5, செவ்வாய்

மூன்றாம் செவ்வாய். பூமணியோடு அவனைத் தேடி அலுவலகம் அலுவலகமாகப் போகிறேன். அவள் பஸ்ஸில் முன்னுக்கு இருப்பாள், நான் பின்னுக்கு. எந்தக் கொப்பிக்குப் பயந்தேனோ, இப்போது நாலு கொப்பியில் என் பெயர். பயம் குறையவில்லை. பயத்தோடு போகப் பழகுகிறேன்.

மே 19, செவ்வாய்

யுத்தம் முடிந்ததாம். சந்தியெல்லாம் வெடி, கொடி. அலுவலகம் பூட்டியிருந்தது. படியில் இருந்தோம். ஒரு சிப்பாய் எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்துக்கொண்டு வந்து எங்களுக்கும் தந்தான். பூமணி அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இனி விடுவாங்களா?"

தெரியாது என்றேன். இன்று அவள் என்னைச் சேர் என்று சொல்லவில்லை.

ஜூலை 3, வெள்ளி

அழகரெத்தினம் வந்துவிட்டானாம். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஓடினேன். "படுத்திருக்கார்" என்றாள் பூமணி, வாசலை விட்டு நகராமல். உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது. என் குரல் கேட்டதும் நின்றது.

பிளந்த பெட்டியை அவன் வேலை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஏன் கொண்டுபோனேன்? வேறென்னத்தைக் கொண்டுபோவது?

ஜூலை 12, ஞாயிறு

றுஸ்தா கேட்டாள்: "அவர் என்ன சொன்னார்?" ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பேடை ஆளுக்கொரு சுற்றாக மாற்றிப் பிளேஸ்டேசனை எதிர்த்து விளையாடினோம்.

ஆகஸ்ட் 8, சனி

பெட்டியை வந்து எடுக்கட்டாம் என்று பூமணி போனில் சொன்னாள். போனேன். கடையில் ஆளில்லை. உள்ளே இருமல். பெட்டி மேசையில் இருந்தது. புதிய அடிப்பலகை. ஆணி இல்லை, பசை இல்லை. நாலு மூலையில் நாலு இஸ்குரூ. பக்கத்தில் ஒரு சின்ன இஸ்குரூ டிரைவரை நூலால் பிடியோடு கட்டிவைத்திருந்தான்.

கூப்பிட்டேன். உள்ளுக்குக் கேட்கும்படி சொன்னேன்: "நான் அண்டைக்கே வந்திருக்கணும். உன்னக் கொண்டு வரச் சொன்னதும் நான்தான். ஆணி அடிக்கச் சொன்னதும் நான்தான்."

இருமல் நின்றது. அவன் வெளியே வரவில்லை.

பெட்டியைப் பையில் போடவில்லை. இரு கையாலும் ஏந்தி நடந்தேன். சாவடியில் புது ஆட்கள். என்னை யாருக்கும் தெரியாது. அவர்கள் கேட்கும் முன்பே பெட்டியைக் கவிழ்த்து மேசையில் வைத்து, இஸ்குரூவைக் கழற்றத் தொடங்கினேன். இடது பெருவிரல் அமத்திப் பிடிக்க மறுத்தது. முழங்கையால் அமத்திக்கொண்டு நாலையும் கழற்றினேன்.

யாருடையது என்று ஒரு சிப்பாய் கேட்டான்.

என்னுடையது என்றேன்.