படத்தில் நான் இல்லை

மார்ச் 3

தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். பிளம்பர் நாளை வருகிறாராம்.

இவரைப் பற்றி எடுத்த சினிமா வெள்ளிக்கிழமை வருகிறது. நகைச்சுவைப் படமாம். சரிதான். தான் எழுதிய கட்டுரையைக் கண்டபடி திட்டி, தன் பத்திரிகைக்கே வாசகர் கடிதம் போடுகிற மனிதரை வைத்து அழுகைப் படமா எடுப்பார்கள்? போன வருடம் சினிமாக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து நாலு நாள் என்னோடு சமையலறையிலேயே இருந்து, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். "என் வேஷத்துல யாரு நடிக்கிறாங்க?" என்று இவரைக் கேட்டால், "போய்ப் பார்த்தா தெரியப்போகுது" என்று மழுப்புகிறார்.

மார்ச் 6

நான் இல்லை!

படத்தில் இவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. மாடி அறையில் தனிக்கட்டை!

யாரைப் பேட்டி எடுப்பதானாலும் வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட்டுத்தான் எடுப்பார். ஒருமுறை ஒரு திருடனையும், அவனைத் தேடிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டார். அது படத்தில் வருகிறது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தியேட்டரே அதிர்கிறது. சோறு, மீன், முட்டை எல்லாம் மேஜைக்குத் தானாக வந்துவிடுகிறது.

"சமைச்சது யாரு?" என்று கத்தியே விட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். சோறு போதாமல் இரண்டாவது உலை வைத்தவள் நான். பாவி மனுஷன், தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

மார்ச் 7

இவரோடு பேசவில்லை. பேசவில்லை என்பதையே இவர் கவனிக்கவில்லை.

மார்ச் 9

இவருக்கு முன்பே தெரியுமாம்! கையெழுத்தே போட்டுக் கொடுத்திருக்கிறார். "அப்படி இருந்தாத்தான் கதை எடுபடுமாம். சினிமாதானே?"

சினிமாதானே! செய்தியில் ஒரு வரியை வெட்டினால் ஆசிரியர் வீட்டு வாசலில் போய் நிற்கிற ஆள். பெண்டாட்டியை வெட்டினால் பரவாயில்லையோ?

மார்ச் 12

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க டைரக்டரையே கூப்பிட்டேன்.

"அம்மா, உங்க கேரக்டரையும் ஷூட் பண்ணினோம். அருமையா நடிச்சாங்க. ஆனா போட்டுப் பார்த்தா, நீங்க வர்ற இடத்துல ஒருத்தரும் சிரிக்கல. சார் பண்றது எதுவுமே காமெடியா தெரியல. அதான் வெட்டிட்டோம்" என்றார்.

"வெட்டினதைக் காட்டுங்க. எங்க ரெண்டு பேருக்கும்" என்றேன்.

மார்ச் 15

எடிட்டிங் அறையில் ஒரே குளிர். திரையில் அந்த நடிகை கதவோரம் நிற்கிறாள். விருந்தாளிகளின் தட்டைப் பார்க்கிறாள், பாத்திரத்தைப் பார்க்கிறாள், தனக்கென்று எடுத்து வைத்த மீனையும் கொண்டுபோய்ப் பரிமாறுகிறாள். எல்லோரும் போனபின் அடுப்புப் பக்கம் நின்றபடியே, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடுகிறாள். உள்ளே இவர் டைப் அடிக்கிற சத்தம்.

இவர் சிரிக்கவில்லை. டாக்சியில் வரும்போது, "நிஜமாவே நின்னுக்கிட்டா சாப்பிடுவே?" என்றார்.

கேட்கிற கேள்வியைப் பார்! எந்த மந்திரி எவன் வீட்டில் விருந்து சாப்பிட்டான் என்று மோப்பம் பிடித்து எழுதின மனுஷனுக்கு, பத்தடி தள்ளி நான் நின்றது தெரியாதாம். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆமா, நின்னுக்கிட்டுதான்! கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து!" டிரைவர் வண்டியை மெதுவாக்கினார்.

மார்ச் 16

இவர் காலைப் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. உலக அதிசயம்.

மார்ச் 21

படம் சக்கைப்போடு போடுகிறதாம். டைரக்டர் ஃபோன் செய்தார். வெட்டிய காட்சிகளையும் சேர்த்து மறுபடி வெளியிட ஆசையாம், சார் சம்மதிக்கணுமாம். இவர், "என்கிட்ட கேட்காதீங்க" என்று ஃபோனை என்னிடம் நீட்டினார்.

வேண்டாம் என்றேன்.

"என்னம்மா, நீங்கதானே அவ்வளவு சண்டை போட்டீங்க?"

"போட்டேன்தான். நான் நின்னு சாப்பிட்டதை ஊர் எதுக்குப்பா பார்க்கணும்? பார்க்க வேண்டிய ஆள் பார்த்தாச்சு."

கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. சாயங்காலம், ஒரு வக்கீலை ராத்திரி சாப்பிடக் கூட்டிவரலாமா என்று கேட்டார். என்னிடம் கேட்டார்! முடியாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அந்த ஆளை ஹோட்டலுக்கு வரச் சொன்னார்.