ஸெலி கோதுமையைப் பெற்றவள் பெயரும் கல்லில் வர வேண்டி

அனுப்புநர்:
லெயோகாடி புருனோ,
பயிர் ஆய்வாளர் காலஞ்சென்ற ஆன்செல்ம் புருனோவின் மனைவி,
ஆலைத் தெரு, வால்மெரே.

பெறுநர்:
மேயர் அவர்கள்,
ஊர் மன்றம், வால்மெரே.

பொருள்: தானியச் சந்தை முன் என் கணவருக்கு நிறுத்தப்படும் நினைவுக்கல்லில் விடுபட்ட வரியைச் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று கல்தச்சர் பட்டறையில், கல்லின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்ததைப் படித்தேன். 'ஆன்செல்ம் புருனோ, ஸெலி கோதுமையைத் தந்தவர்' என்று இருந்தது. மனுவை எழுதித் தருவதாகப் பேத்தி சொன்னாள். கன்னியர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். என் வழக்கை நானே எழுதுவேன் என்றுவிட்டேன்.

1. என் கணவர் வண்டிச் சக்கரம் செய்தவரின் மகன். பாரிஸில் தாவரப் பாடம் கேட்டுத் திரும்பி, மழைக்குச் சாயாத கோதுமை வேண்டுமென்று ஆயுள் முழுக்க வயலில் குனிந்து கிடந்தார். பூக்கும் முன் கதிரைத் திறந்து, ஆண் பகுதிகளைக் கிள்ளி எறிந்து, வேறு கதிரின் மகரந்தத்தைத் தடவிக் காகித உறை மாட்டுவார். "கோதுமைக்குக் குல்லா போட்டுக் கல்யாணம் பண்ணி வைக்கிறாரு" என்று ஊர் சிரித்தது.

2. முதலில் தேறிய கோதுமைக்கு என் பெயரை வைத்தார். சிவந்த உமி, நெடிய தாள், அருமையான மாவு. ஜூலைப் பெருமழையில் அத்தனையும் சாய்ந்தது. "லெயோகாடி படுத்துட்டாளாமே!" என்று வெண்ணெய்க்காரி என் முகத்துக்கு நேரே கேட்டாள். இன்றும் கேட்கிறாள்.

3. பிறகு சாயாத கோதுமை கிடைத்தது. அதற்கு மதாம் ஸெலி ஃபூர்னியேயின் பெயர். சோதனைக்கு நிலம் விட்டவர் அந்த அம்மாள். "நெலம் குடுத்தவங்க, நன்றி காட்ட வேணாமா?" என்றார் இவர். ஒரு முயலை அடித்துக் கொடுத்தால் நன்றி ஆகாதா? அந்த அம்மாள் நீல நாடாத் தொப்பியோடு வரப்பில் வந்து நிற்கும்போதெல்லாம் இவர் தம் தொப்பியைக் கழற்றியதை நான் குறை கூறவில்லை. எனக்கு ஒருநாளும் கழற்றியதில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. இப்போது ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியிறங்கும்போது, "இந்த வருஷமும் நம்ம கோதுமைதான் நின்னுச்சு" என்கிறார் அந்த அம்மாள். நம்ம கோதுமையாம்!

5. ஐயா, கணவருக்குக் கை நடுக்கம் வந்தபின் பூவைத் திறக்கும் கிடுக்கியைப் பிடித்தவள் நான். ஸெலி உண்டான கதிரைத் திறந்ததும், குட்டை ரகத்தின் மகரந்தத்தைத் தடவியதும், உறை கட்டியதும் இந்தக் கைகள்தாம். விதை பிடித்த அந்தத் தாய்க் கதிர் லெயோகாடி கோதுமை. குட்டைத் தாள் தகப்பன் கொடுத்தது. தகப்பனுக்கு உமி வெள்ளை. சிவந்த உமி தாய் கொடுத்தது. ஸெலி விளையும் எந்த வயலிலும் இறங்கி உமியைப் பாருங்கள். படுக்கையில் கிடந்தபோது அவரே சொன்னார்: "அது உன் பொண்ணுதான் லெயோகாடி. பேரு மட்டும் அவங்களது."

6. நம் ஊரில் ஞானஸ்நானத்தின்போது குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் அதற்குத் தன் பெயரைக் கொடுப்பாள். அதற்காகப் பெற்றவளின் பெயரைக் கோயில் பதிவேட்டில் யாரும் விட்டுவிடுவதில்லை.

ஸெலி என்ற பெயரை அழிக்கச் சொல்லவில்லை. ஆசை இருந்தும் சொல்லவில்லை. உளி படும் முன், அதற்கு அடியிலேயே 'தாய்: லெயோகாடி' என்று, எழுத்து ஒரு மயிரிழையும் சிறுக்காமல் வெட்ட உத்தரவிடுங்கள். திறப்பு விழாவில் மதாம் ஃபூர்னியேவுக்கும் முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். ஞானத்தாய் அங்கேதான் உட்கார வேண்டும், பெற்றவளுக்குப் பக்கத்தில்.

இடம்: வால்மெரே
நாள்: 2 ஆகஸ்ட் 1887

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
லெயோகாடி புருனோ