உள்ளே விட்ட அரை அங்குலம்

அன்புள்ள எறும்புக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் சுகம். முழங்கால் வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்துக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். முப்பது வருஷம் தபால் பிரித்தவனுக்குக் கடிதம் எழுதாவிட்டால் கை அரிக்கும். அதோடு, இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழும். விஷயம் அவளைப் பற்றியது.

போன வாரம் வெள்ளையடிக்க உன் அறையை ஒழித்தோம். அலமாரியின் மேல்தட்டில் எட்டாக மடித்த ஒரு பெரிய காகிதம் கிடைத்தது. பதினாறு வயதில் நீ தபாலில் வரவழைத்த பாய்மரப் படகின் வரைபடம். வீட்டிலேயே செய்யலாம் என்று நீ கெஞ்சியதும், தையல் நடக்கிற வீட்டில் மரத்தூளா என்று அம்மா ஒரே பேச்சில் முடித்ததும் உனக்கு மறந்திருக்காது. அதைப் பழைய பேப்பரோடு சேர்க்கப் போனேன். அவள் என் கையிலிருந்து வாங்கி, துணி வெட்டும் மேசையில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தலை நிமிரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அம்மா பாலைப் பொங்க விட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியில், "இது நாங்க துணி வெட்ட வச்சுக்கிற பேப்பர் கட்டிங்தானே?" என்றாள். "பலகையை வெட்டி, ஓரத்துல ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால தைக்கச் சொல்லியிருக்கு. தினமும் நான் என்ன பண்றேனாம்?"

நான் சிரித்துத் தொலைத்தேன். மறுநாள் காலையில் மரக்கடைக்காரர் வண்டியிலிருந்து ப்ளைவுட் பலகைகள் வந்து இறங்கின. இப்போது கூடம் முழுக்கப் பலகை. சாப்பாட்டு மேசை உன் அறைக்குள் கவிழ்ந்து கிடக்கிறது. இரண்டு பேரும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம், ரயில் கிளம்பப் போகிற அவசரத்தில் இருப்பவர்கள் மாதிரி. பலகை அறுக்க மின்சார ரம்பம் வாடகைக்குத் தருகிறேன் என்று மரக்கடைக்காரர் சொன்னார். வேண்டாம், கத்தரியும் கையால்தான் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மற்றபடி ஆள் மாறவில்லை, பயப்படாதே. நேற்று எதிர்வீட்டு நர்ஸம்மா, வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு ஒரு கோட் தைக்க வேண்டும் என்று அளவைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்தார். அம்மா சீட்டைத் தொடக்கூட இல்லை. எழுதி வருகிற அளவுக்கு நான் வெட்டுவதில்லை, ஆளை வரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டாள். அப்படிப்பட்டவள் முகம் தெரியாத யாரோ வரைந்த அளவை நம்பிப் பலகையை அறுக்கிறாள். ஓரமெல்லாம் உன் பென்சில் எழுத்து இருப்பது காரணமோ என்னவோ, நான் கேட்கவில்லை.

நேரத்துக்குத் தூங்கு.

அன்புடன்,
நின்றபடி சாப்பிடும் அப்பா


அன்பு எறும்பே,

உன் பதில் கிடைத்தது. நாலு பக்கம் படகைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டு, கடைசி வரியில் பொடி எழுத்தில், அம்மா என்னைப் பற்றி ஏதாவது பேசினாளா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன். முதலில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஒரு மாதமாக அந்தப் பலகைகள் தரையில் தட்டையாகக் கிடந்தன. இழைப்புளி பிடித்து அவள் கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. ஓரங்களில் நாலு விரல் இடைவெளியில் துளை போட்டாள். துளைக்குத் துளை கம்பி கோத்து, தளர்வாக முறுக்கி விட்டாள். எனக்கு அது படகாகத் தெரியவே இல்லை, பிரித்துப் போட்ட பெட்டியாகத்தான் தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கையில் ஒரு குறடைக் கொடுத்து, நீங்கள் வாலிலிருந்து வாருங்கள், நான் மூக்கிலிருந்து வருகிறேன், ஒரு கம்பிக்கு ஒரு முறுக்கு, அவசரப்படக் கூடாது என்றாள்.

முறுக்கிக்கொண்டே வந்தோம். பத்து முறுக்கு, இருபது முறுக்கு. எறும்பே, பலகை எழுந்தது. நான் தூக்கவில்லை, அவளும் தூக்கவில்லை. கம்பி இறுக இறுக, தரையில் கிடந்த இரண்டு பக்கமும் தாமாக நிமிர்ந்து, உள்பக்கம் வளைந்து, முன்னால் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டன. நேர்கோடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஓரமெல்லாம் வளைவாகிவிட்டது. ஆணி இல்லை, சுத்தியல் சத்தம் இல்லை. நம் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, ஒரு படகு உட்கார்ந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குறடைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். ஒரு பள்ளிச் சீருடையை முடித்து நூலை அறுக்கிறவள் போல, கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக இவளோடுதான் குடித்தனம் நடத்தினேன், இவளுக்குள் இது இருப்பது தெரியாமல். வெட்கமாக இருந்தது.

இனிதான் கூத்து. மறுநாள் உள்ளே வைக்க வேண்டிய குறுக்குப் பலகைகளைப் பொருத்திப் பார்த்தாள். அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி ஒவ்வொன்றும் தொளதொளவென்று நின்றது. வரைபடத்தை வைத்துக்கொண்டு காலையெல்லாம் அளந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். என்ன ஆயிற்று தெரியுமா? தைக்கிற ஓரம் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் கூட விட்டு வெட்டியிருக்கிறாள். பிள்ளைகள் வளரும், நாளைக்குப் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று சட்டைக்கு உள்ளே துணி விடுவாளே, அந்தப் பழக்கம். கை தன்னால் விட்டிருக்கிறது. படகு வளரப் போகிறதா என்ன?

இருக்கட்டும், கொஞ்சம் பெரிய படகாக இருந்துவிட்டுப் போகிறது என்றேன். அளவு தப்பினால் பிரிக்க வேண்டியதுதான் என்றாள். இருநூற்றுப் பதினாறு கம்பி. ஒவ்வொன்றாக வெட்டி, பொத்தான் டப்பாவில் போட்டாள். எழுந்து உட்கார்ந்த படகு மறுபடியும் தட்டையாகப் படுத்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. ஓரங்களை இழைத்துக்கொண்டிருந்தவள் மூன்றாம் நாள், இழைப்புளியை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"பலகைக்கு விட்ட இடத்தை அவளுக்கு விட்டிருக்கணும். அவளைத்தான் நான் இறுக்கமா வெட்டிட்டேன்."

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் உனக்கென்று இரண்டாவது தையல் மெஷின் வாங்கி ஜன்னலோரம் போட்டாள். நீ கப்பல் வரையும் படிப்புக்குப் போகிறேன் என்றாய். இந்த நாலடி இடத்தில் என்னால் காலம் தள்ள முடியாது என்றாய். போகிறவள் போனவளாகவே இரு என்றாள் அவள். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறீர்கள். நடுவில் நான் ஓய்வு பெற்றும் தபால்காரன்.

புதிதாகத் துளை போட்டு, நேற்று மறுபடியும் முறுக்கினோம். மறுபடியும் எழுந்தது. தெரிந்திருந்தும் எனக்கு அதே சிலிர்ப்பு. குறுக்குப் பலகைகள் இந்த முறை உள்ளங்கை போல உட்கார்ந்துவிட்டன. இனி மூட்டுகளில் பிசின் பூசி, காய்ந்த பிறகு கம்பியையெல்லாம் எடுத்துவிட வேண்டுமாம். தையல் போய்விடும், தைத்தது நிற்கும் என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் படித்துவிட்டு நீ அழுதிருந்தால் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போ.

அப்பா


அன்பு மகளே,

படகு முடிந்துவிட்டது. வெளிப்பக்கம் நீலம், உள்ளே மரத்தின் நிறம் அப்படியே. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். மரக்கடைக்காரர் ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், மூட்டுகளைத் தடவினார், கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே ஏறினார். அவர் எத்தனை படகுக்குப் பலகை கொடுத்தவர் என்று உனக்குத் தெரியும். 

பாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கனத்த துணி, அவளுடைய பழைய மெஷினில் ஊசி உடைந்தது. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஜன்னலோரத்து மெஷினின் உறையைக் கழற்றினாள். உன்னுடையது. நாலு வருஷமாக அதன்மேல் ஒரு பாத்திரம் வைக்கக்கூட என்னை விட்டதில்லை. எண்ணெய் விட்டு, துடைத்து, நூல் கோத்து உட்கார்ந்தாள். பாய் தட்டையான துணி இல்லையாம், காற்று வந்து உட்கார அதற்கு வயிறு வேண்டுமாம். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. உடம்புக்கு ஏற்பத் துணியைப் பிடித்துத் தைப்பவள், காற்றுக்கும் பிடித்துத் தைத்துவிட்டாள். மொட்டைமாடியில் கட்டிப் பார்த்தோம். ஒரு மூச்சில் உப்பி என்னைக் கைப்பிடிச் சுவர் வரை இழுத்துக்கொண்டு போனது. அவள் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

ஏரியில் இறக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் சிக்கல். வரைபடப்படி இரண்டு பேர் வேண்டும். பாய்க் கயிறு பிடிக்க ஒருவர், சுக்கான் பிடிக்க ஒருவர். கயிற்றை அம்மா பிடிப்பாள். சுக்கானுக்கு நான் வருகிறேன் என்றேன். பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் தலை சுற்றுகிற ஆள், பேசாமல் இருங்கள் என்றாள்.

சுக்கான் பக்கத்து இருக்கையை மட்டும் இன்னும் வெட்டவில்லை. பிடிப்பவருடைய கை நீளத்துக்கும் கால் நீளத்துக்கும் ஏற்ப அது அமைய வேண்டும், இல்லாவிட்டால் காற்று பலமாக அடிக்கும்போது நிலைகொள்ள முடியாதாம். முந்தாநாள் அவளுடைய அளவு நோட்டை எடுத்தாள். உன் பெயர் போட்ட பக்கம் நேராகத் திறந்துகொண்டது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "இது பழைய அளவு" என்று மூடிவிட்டாள்.

உனக்கு எழுதிப் புது அளவு கேட்கட்டுமா என்று கேட்டேன். நான் என்ன பதிலை எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

"எழுதி வர்ற அளவுக்கு நான் என்னைக்கு வெட்டியிருக்கேன்?" என்றாள்.

அதனால், மகளே, நீ கெட்டிக்காரி, கேட்காமலேயே அளவெடுத்து எழுதி அனுப்பிவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. அனுப்பாதே. தோளிலிருந்து மணிக்கட்டு வரை எத்தனை, இடுப்பிலிருந்து குதிகால் வரை எத்தனை என்று ஒரு சீட்டும் இந்த வீட்டுக்கு வரக் கூடாது. இருக்கைக்கான பலகை சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அளவு நாடா அவள் கழுத்தை விட்டு இறங்கவில்லை. நல்ல காற்று உன் பக்கம் வீசட்டும்.

உன்
அப்பா

(உறையின் பின்பக்கத்தில்)

தபால்காரன் உறையின் மேல் இப்படிக் கிறுக்கக் கூடாது, தெரியும். வேறு வழியில்லை. கடிதத்தை ஒட்டாமல் வெட்டுமேசையில் வேண்டுமென்றே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் உறை ஒட்டியிருக்கிறது. படகுக்குப் பூசிய பிசின். கத்தி வைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும், விரல் பத்திரம்.