அராவிய ஓரம்

உங்களுக்கு,

நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்துவிடுவாயா என்று கேட்டிருந்தீர்கள். பதில் எழுத உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன்.

இன்று அருங்காட்சியகத்தில் நம் நிஷாப்பூர் நகரத்துச் சுடுமண் கிண்ணம் ஒன்றைச் சீரமைக்க அதன் பழைய ஒட்டைப் பிரித்தேன். ஆயிரம் வருடத்துக் கிண்ணம். அதில் ஒரு துண்டு மட்டும் வேறு கிண்ணத்தினுடையது. எந்த வியாபாரியோ ஓட்டையை அடைக்கச் சேர்த்திருக்கிறான்.

"நல்லாத்தானே உக்காந்திருக்கு, விட்டுடேம்மா," என்றார் மேலாளர் ஷாபூர்.

"எப்படி உக்காந்திருக்குன்னு ஓரத்தைப் பாருங்க சார்."

கிண்ணத்தை யாரும் தொடவில்லை. துண்டைத்தான் சுற்றிலும் அரத்தால் அராவியிருந்தார்கள். அதிலிருந்த கறுப்பு எழுத்தில் பாதி போய்விட்டது.

உங்கள் அம்மா பக்கத்து வீட்டில் சொல்வாரே, "மருமக எங்க வீட்டுக்கு நல்லாப் பொருந்திட்டா" என்று.

துண்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்து, அதற்கென்று ஓர் எண் எழுதினேன்.

பண்டிகை விருந்தில் எனக்குத் தட்டு வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு வந்தவள்