குராஷிகிக்கு மூன்று பேர்

புளியங்காட்டுப்பாளையம்,
திருச்செங்கோடு தாலுகா.
யுவ வருஷம் ஐப்பசி 4

சௌந்திரத்துக்கு மருதாசலம் எழுதியது.

இங்கே எல்லாரும் சுகம். நானும் நாச்சிமுத்துவும் இன்னும் சில பேரும் சேர்ந்து நூல் மில் போடுவதாக இருக்கிறோம். மிஷின் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் ஜப்பானுக்கு வருவதாக ஏற்பாடு. பங்குனிக் கடைசியில் ஒசாகா வந்து சேருவோம். அங்கே சனிக்கிழமை மத்தியானத்தோடு ஆபீஸை மூடிவிடுவார்களாம், ஞாயிறும் லீவாம். அந்த ஒன்றரை நாள் எனக்கு வேலை இல்லை.

இதை உன் அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஏனுங்க, அத்தனை தூரம் போயிட்டுப் பெத்த புள்ளயப் பாக்காம வந்தீங்கன்னா, இந்த ஊட்டுல உங்களுக்குச் சோறு கெடையாதுங்க" என்கிறாள். உன் விலாசத்தை அவள்தான் யாரிடமோ கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

நீ அந்த ஆளோடு போன அன்று நான் ஊர் முன்னால் தலைமுழுகினேன். உன் வாசற்படியை மிதிப்பதில்லை என்று மாரியம்மன் கோயிலில் வைத்துச் சொன்னேன். அந்த வார்த்தை அப்படியேதான் இருக்கிறது. ஆகவே நீ இருக்கும் கோபே வேண்டாம். பக்கத்தில் சின்ன டவுன் ஏதாவது பார்த்துச் சொல். ஓட்டம் இல்லாமல் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச இடம் இருந்தால் போதும். நீ மட்டும் வா.

மருதாசலம்


கோபே,
22-11-1935

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் சௌந்திரம் கும்பிட்டு எழுதுவது.

கவரின் மேலே உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். பிரிக்கக் கை வரவில்லை. அவர்தான் பிரித்து, முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "எல்லாரும் சுகமாம், நீயே படி" என்று கொடுத்தார். நாலு வருஷத்தில் ஒரு வரி கூட எழுதாத அப்பா இத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

குராஷிகி என்று ஒரு ஊர் இருக்கிறது. இங்கிருந்து ரயிலில் ஒரு மத்தியானப் பயணம். வேலை பார்க்கிற கம்பெனிக்காகப் பஞ்சு தரம் பார்க்க அவர் அங்கே ஒரு மில்லுக்குப் போனபோது நானும் கூடப் போயிருக்கிறேன். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால்தான் எனக்கு அந்த ஊரைப் பிடித்துப் போயிற்று. ஊர் நடுவே நம் ராஜவாய்க்கால் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இரண்டு கரையிலும் வெள்ளைச் சுவர் வைத்த பழைய தானியக் கிடங்குகள். படகில் மூட்டை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவசரமாக நடக்கிற ஆளையே நான் அங்கே பார்க்கவில்லை.

ஊருக்கு வெளியே போனால் வயல். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடமாம். மண்ணைக் கொட்டி மேடாக்கி, முதலில் பருத்தி போட்டார்களாம். உப்பு வடிந்த பிறகு நெல்லும், பாய் முடைகிற கோரையும். உங்களுக்குக் கோபுரம் காட்டினால் கொட்டாவி விடுவீர்கள், வயலைக் காட்டினால் இறங்கி நடப்பீர்கள் என்று தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் ரயில் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விடலாம். வாய்க்கால் ஓரமாக ஒரு சத்திரம் இருக்கிறது. தரையில் பாய் மேல்தான் மெத்தை போடுவார்கள், கட்டில் கிடையாது. சாப்பாட்டில் மீன் வாசம் உங்களுக்கு ஆகாது. நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருகிறேன். ஞாயிறு காலையில் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம். வயலைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பலாம். இதுதான் என் திட்டம். வேறு ஒன்றும் சேர்க்கப் போவதில்லை.

குளிர் இருக்கும், கம்பளி கொண்டு வாருங்கள். அம்மா என்ன சொன்னார்கள் என்று இன்னும் கொஞ்சம் எழுதுங்கள்.

உங்கள்,
சௌந்திரம்


புளியங்காட்டுப்பாளையம்,
யுவ வருஷம் மார்கழி 8

அம்மணி சௌந்திரத்துக்கு அப்பா எழுதுவது.

உன் கடுதாசியை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டே திரிகிறாள். எழுத்துத் தெரியாதவளுக்கு அது எதற்கு என்றால், "உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கேள்வி" என்கிறாள்.

நீ சொன்ன ஊர் சரிதான். கடலை மேடாக்கிப் பருத்தி போட்டார்கள் என்பதை நாச்சிமுத்து நம்ப மாட்டேன் என்கிறான். அங்கே தண்ணீர் எப்படி இறைக்கிறார்கள், மாடா, ஆளா, மிஷினா? நம் தோட்டத்துக் கிணறு இந்த வருஷம் அடி தெரிகிறது. கம்போடியாப் பருத்தி காய் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் போதவில்லை. மயிலைக் காளை ஒன்று நொண்டிப் போயிற்று. வேறு சேதி இல்லை.

சத்திரத்தில் நாலு பேரோடு ஒரே தொட்டியில் இறங்கிக் குளிக்கச் சொல்வார்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார். அதெல்லாம் என்னால் முடியாது. தனியாக ஒரு வாளி வெந்நீர் கொடுக்கச் சொல். உன் அம்மா பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து கச்சாயம் சுட்டுத் தருவதாக இருக்கிறாள். கப்பலில் அத்தனை நாள் கெடாது என்கிறாள். கெட்டாலும் கொண்டு வந்து காட்டவாவது வேண்டுமாம்.

இன்னொன்று. உன் கடுதாசியில் அவர், அவர் என்று இரண்டு இடத்தில் வருகிறது. உன்னை ரயில் ஏற்றிவிட வருவதானால் ஸ்டேஷனோடு நின்றுகொள்ளட்டும். எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம். நீயும் நானும் மட்டும் என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

அப்பா


கோபே,
25-1-1936

அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எழுதாமல் விட்டால் நீங்கள் வந்து இறங்குகிற வரைக்கும் நான் உங்களை ஏமாற்றியது போல ஆகிவிடும். அதனால் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை அவரும் படித்தார். "போயிட்டு வா சௌந்திரம், அப்பாவப் பார்க்கறதுதானே முக்கியம்? நான் இல்லாட்டி என்ன" என்று சொல்லிவிட்டு ரயில் நேரம் விசாரிக்கப் போய்விட்டார். கோபமே இல்லை. போ என்கிறவர் அவர்தான். நான்தான் போக மாட்டேன் என்கிறேன்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் எழுதாத ஒன்று இருக்கிறது. இங்கே வந்த மறு வருஷம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்று நாள் இருந்தது. அப்புறம் இல்லை. அப்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஜன்னி கண்டு, அம்மா, அம்மா என்று கத்தினேனாம். இந்த ஊரில் எனக்கு எந்த அம்மா இருந்தாள்? பாலசுந்தரம்தான் இருந்தார். எனக்குக் கஞ்சி வைத்தார், என் துணியை அலசினார், தலை சீவிப் பின்னிவிட்டார். குழந்தையை எடுத்துக்கொண்டு அவர் மட்டும் போய்விட்டு வந்தார். அன்று அவர் தோளில் கை வைக்க அவருக்கும் ஒரு ஆள் இல்லை அப்பா.

அவரை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு உங்களோடு உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட எனக்கு மனசு வராது. அவர் நம் ஜனம் இல்லை என்பது உங்களுக்குப் பெரிய விஷயம். உங்களைத் தப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. குராஷிகிக்குப் போனால் மூன்று பேராகப் போவோம். இல்லை என்றால் நீங்கள் மில் வேலையை முடித்துக்கொண்டு நல்லபடியாக ஊர் போய்ச் சேருங்கள். நான் குறை நினைக்க மாட்டேன். அழுவேன், அது வேறு.

கச்சாயத்தை மட்டும் எப்படியாவது அனுப்பிவிடுங்கள்.

சௌந்திரம்


புளியங்காட்டுப்பாளையம்,
யுவ வருஷம் மாசி 12

சாமி சௌந்திரம்,

உன் கடுதாசி வந்தது. உன் அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தாள். முதல் பக்கத்தை வாசித்தேன். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கண் ஓடிவிட்டது. "அவ்வளவுதான், சுகமாத்தான் இருக்கறா" என்று சொல்லி மடித்தேன்.

"தாளைத் திருப்பவே இல்லீங்களே" என்றாள்.

வேறு வழியில்லாமல் வாசித்தேன். நடுவில் நிறுத்திவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னாள். முழுக்கக் கேட்டாள். அழவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தவிடு கலக்கினாள். அதற்கப்புறம் சோறு போடுகிறாள், என்னிடம் பேச்சு இல்லை. நேற்றுக் காலையில்தான் வாயைத் திறந்தாள்.

"எம் புள்ளைக்கு நான் செய்ய வேண்டியத எல்லாம் அந்தத் தம்பி செஞ்சிருக்குது. நீங்க அதும் மொகத்தப் பாக்க மாட்டேங்கறீங்க. நாம யாருங்க இனி?"

என் மனசு மாறிவிட்டது என்று உன்னிடம் பொய் எழுத மாட்டேன். ஆனால் நீ அங்கே அம்மா, அம்மா என்று கத்தின வருஷம், நான் இங்கே தேர்த் திருவிழாவுக்குப் புது வண்டி பூட்டிக்கொண்டு போனேன். அதுதான் ராத்திரியெல்லாம் நினைப்பில் நிற்கிறது.

மூன்று பேருக்கு இடம் சொல்லிவை. ஏப்ரல் நாலாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் கோபே ஸ்டேஷனில் நிற்பேன். அங்கே வைத்து யாரும் என் காலில் விழ வேண்டாம். சத்திரத்தில் வெந்நீர் விஷயத்தை மறந்துவிடாதே.

அப்பா


ஹாங்காங் துறைமுகம்,
கப்பலில் இருந்து.
தாது வருஷம் சித்திரை 6

மாப்பிள்ளை பாலசுந்தரம் அவர்களுக்கு மருதாசலம் எழுதுவது.

கப்பல் இங்கே ஒரு நாள் நிற்கிறது. நாச்சிமுத்து ஊரைப் பார்க்க இறங்கிப் போயிருக்கிறான். மிஷின் விலை எங்களுக்குக் கட்டுப்படி ஆகவில்லை, அது உங்களுக்கும் தெரியும். அதற்காக நான் விசனப்படவில்லை.

நேரில் சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வந்துவிட்டேன். ரயிலில் முழுக்க நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தேன். நீங்களும் என்னை, ஐயா தண்ணீர் வேண்டுமா, ஐயா குளிர்கிறதா என்று கேட்டதோடு சரி. சத்திரத்திலும் அம்மணி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசிப் பேசிக் களைத்துப் போனாள். இந்தப் பயணம் வீண் என்றுதான் அன்று படுத்தேன்.

மறுநாள் கோரை வயலில் நடந்ததை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வருகிறது. வேரடி எப்படி இருக்கிறது என்று பார்க்க இறங்கினவன் முழங்கால் வரைக்கும் போய்விட்டேன். வேட்டி முழுக்கச் சேறு. நீங்கள் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கால்சராயோடு குதித்து, "மாமா, கையக் குடுங்க" என்றீர்கள். கையைக் கொடுத்தேன். நீங்களும் புதைந்தீர்கள். அந்த ஜப்பான் கிழவர் கரையில் நின்றுகொண்டு நம் இரண்டு பேரையும் என்னவோ திட்டினார்.

அம்மணி சிரித்தாளே. வரப்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஐயோ அப்பா" என்று சிரித்தாளே. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் எதிரில் சத்தமாகச் சிரிக்கப் பயந்து வளர்ந்த பிள்ளை அவள். அவளுக்கு அந்தச் சிரிப்பு உங்கள் வீட்டில் வந்திருக்கிறது. சேற்றில் நின்றுகொண்டே எனக்கு அது புரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கவில்லை. குழந்தைக்குப் பெயர் வைத்தீர்களா? வைத்திருந்தால் எழுதுங்கள். உங்கள் மாமியார் கேட்பாள்.

கோபேயில் பிரிகிறபோது, வீடு நாலு தெரு தள்ளித்தான் என்று அம்மணி சொன்னாள். கூப்பிடவில்லை, சொன்னாள். நானும் கேட்டும் கேட்காதது போல நின்றேன். சாமியிடம் சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் போனதும் முதலில் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போகப் போகிறேன். பூசாரியை விட்டுக் கேட்கச் சொல்ல மாட்டேன். நானே நின்று, ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னாலேயே தப்பென்று சொல்லிக்கொள்வேன்.

தை மாதம் லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஊருக்கு வாங்க. சங்ககிரி ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப மாட்டேன், நானே வண்டி பூட்டிக்கொண்டு வாரேன். பங்காளிகள் பேசுவார்கள். என் வீட்டு நல்லது கெட்டதுக்குச் சில பேர் வராமலும் போவார்கள். உங்கள் காதில் விழும்படியும் யாராவது சொல்லக் கூடும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காட்டுப் பாதை ஒன்று இருக்கிறது, யார் கண்ணிலும் படாமல் வீடு வந்து சேரலாம். அந்த வழி வேண்டாம். மாப்பிள்ளையை முன்னால் என் பக்கத்தில் உட்கார வைத்து, ஊர் நடுவே ஓட்டி வருவேன்.

உங்கள் மாமன்,
மருதாசலம்