குர்து மொழியில் என் சாவுகள்

14 ஜூலை 2007, சனி

சிட்னி, ஹோம்புஷ். குளிர், காற்று. தோய்த்த உடுப்பு காயவில்லை. வெங்காயம் வாங்க மறதி.

பின்னேரம் கீழ் ஃபிளாட் குர்துப் பொடியன் ஆசாத் வீட்டில் இரண்டு தரம் செத்தேன். ஒன்று குத்துப்பட்டு, மற்றது மாடியிலிருந்து விழுந்து. வெளிநாட்டுப் படங்களுக்குக் குர்து மொழியில் குரல் போட்டு இணையத்தில் ஏற்றுகிறான், யாரிடமும் அனுமதி கேளாமல். ஒலிப்பதிவுக் கூடம்: அவனுடைய உடுப்பு அலுமாரி. கதாநாயகன், போலீஸ், பாதிரியார் எல்லாம் அவனே. சாவு மட்டும் நான். குர்து ஒரு சொல் தெரியாது. முனக மொழி எதற்கு? இத்தனை வருட மேடை நாடகத்தில் கிடைக்காத வேடம்.

மேலே வந்தால் என் மனிசி: "பக்கத்து ஃபிளாட் அன்ரி ஆம்புலன்ஸுக்குப் போன் அடிக்கட்டோ எண்டு கேட்டவ. உங்களுக்கு வெக்கமில்லையே?"

பெருமையாக இருந்தது.

15, ஞாயிறு

மழை. "உங்கட சாவைப் பாப்பம்" என்று மனிசி ஒரு படத்தை இறக்கினாள். அலுவலகத்தில் நாள் முழுதும் கோப்புகளோடு மாரடிப்பவள். பழக்கதோஷம், முதலில் கோப்பின் விவரத்தைத் திறந்தாள்.

"இஞ்சை வாங்கோ. உந்தப் பொடியன்ரை முழுப்பேரும் இதுக்குள்ளை கிடக்கு!"

கொம்பியூட்டர் வாங்கிய அன்று அது பெயர் கேட்டிருக்கிறது. இவனும் மரியாதையாகக் கொடுத்திருக்கிறான். செய்த படம் எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டது. திரையில் புனைபெயர், கோப்பில் குடும்பப் பெயர்.

கீழே ஓடிச் சொன்னேன். அவன் ஊரில் குர்து மொழி என்றாலே அரசாங்கத்துக்கு ஆகாது. அங்கே அவன் தம்பி அரசாங்கப் பள்ளி வாத்தியார். அதே குடும்பப் பெயர். வேலை மட்டும் போனால் அதிர்ஷ்டம். எல்லாப் படங்களையும் உடனே தளத்திலிருந்து எடுத்தான்.

"காணும் அண்ணை, விடுவம். இனிப் படம் இல்லை." (இங்கிலிசில்தான் சொன்னான். என் குறிப்பில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான். நானும் குரல் போடுபவன்தானே.)

17, செவ்வாய்

வெயில் பேருக்கு. ட்ரெயின் தாமதம். ஸ்ட்ராத்ஃபீல்டில் வடை, ஒரே எண்ணெய்.

ஆத்திரம் அடங்கவில்லை. கொழும்பில் பஸ் சோதனைச்சாவடியில் நின்றால் மனிசியும் நானும் தமிழை விழுங்கிக்கொண்டு ஊமைகளாய் இருப்போம். இங்கே வந்தும் ஒருவன் வாயைப் பொத்துவதா?

ஆசாத்திடம்: "உன்ரை பேரை அழி. என்ரையைப் போடு."

"உங்களைத் தேடி வந்தால்?"

"வரட்டும். முதல்லை என்ரை பேரை உச்சரிச்சுக் காட்டட்டும்."

21, சனி

தம்பியிடமிருந்து ஆசாத்துக்குப் போன். இதுவரை ஒன்றுமில்லையாம். முன்பே எத்தனை பேர் இறக்கினார்களோ, அது எங்கள் கையில் இல்லை. எல்லாம் தெரிந்தும் "நிப்பாட்டாதை" என்றானாம்.

ஆகவே பெயர் மாற்றம். தகப்பன் பெயரோடு என் முழுப்பெயர். பெயர் எழுதும் பெட்டியில் இடம் போதவில்லை. கோப்பு கோப்பாக மனிசி சரிபார்த்தாள்.

பிறகு அலுமாரி. துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தேன். மனிசி வாசலில் நின்று பார்த்தாள்.

"செத்த மனிசனுக்கு அழ ஒருத்தியும் இல்லையோ?"

படத்தில் விதவை உண்டு, ஆசாத்தின் கீச்சுக்குரலில். மனிசி செருப்பைக் கழற்றிவிட்டு அலுமாரிக்குள் போனாள். அப்படி ஓர் அழுகை! உயிரோடு நிற்கிற எனக்கே பயம் பிடித்தது. ஆசாத் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான்.

வெளியே வந்து கொண்டையை முடிந்துகொண்டே: "என்ரை பேரையும் போடச் சொல்லுங்கோ. உங்கடைக்கு மேலை."