கிளட்சைத் தேய்த்தவர்

செவ்வாய், இரவு.

என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக், கிளட்ச் பிளேட்டுகளை அளந்துவிட்டு, "யார் சார் வண்டி ஓட்டுறது?" என்றார். மகள் என்றேன். நான் ஓட்டிக்கொண்டிருந்த பழைய பைக்; அவள் இரண்டு மாதம் ஓட்டினாள். கிளட்சைத் தேய்த்துவிட்டாள் என்று சாவியைப் பிடுங்கினேன். இப்போது ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லூரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாள்.

"இது பத்து வருஷத் தேய்மானம் சார். கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருக்காங்க. பாப்பாவுக்கு என்ன வயசு?"

"பத்தொன்பது."

"ஒன்பது வயசுலயே லைசென்ஸ் குடுத்துட்டாங்களா?"

உண்மையைச் சொல்லிவிடுவதென்று திரும்பும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். வீட்டில் வாயில் வந்தது வேறு.

"வெள்ளிக்கிழமை வண்டி வந்துடும். எடுத்துக்க. இனிமே பார்த்து ஓட்டும்மா."

"சாரிப்பா. இனிமே தேயாம ஓட்டுறேன்" என்றாள்.

பரவாயில்லை என்று அவளை மன்னித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.